குறை சொல்லக் கற்றுக்கொடுப்போம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிள்ளைகளுக்குக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுக்க முடியுமா என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இந்த மாதிரித் தலைப்பில் பேச வருகிறவர்கள் வழக்கமாக ஒரு வாக்கியத்தில் தொடங்குவார்கள். குழந்தைகள் எல்லாருமே பிறவிக் கண்டுபிடிப்பாளர்கள், பள்ளிக்கூடம்தான் அவர்களைக் கெடுக்கிறது என்பார்கள். கைதட்டலும் கிடைக்கும். பாலிடெக்னிக் பணிமனையில் அரமும் வைஸுமாக வேலைக்காலத்தைக் கழித்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் நூலகத்துத் திண்ணையில் பிள்ளைகளோடு உட்காருகிறேன். எனக்கு அந்த வாக்கியத்தில் பாதி நம்பிக்கைதான் உண்டு. மீதிப் பாதி ஏன் இல்லை என்பதற்கு ஒரு காக்கையைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன்.

பானையில் கல் போட்ட காக்கை இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வைத்திருந்த, நியூ கலிடோனியா தீவு இனத்துக் காக்கை. பெயர் பெட்டி. செங்குத்தான ஒரு குழாய், அதன் அடியில் கைப்பிடி வைத்த குட்டி வாளி, வாளிக்குள் இறைச்சித் துண்டு. பக்கத்தில் நேரான கம்பி ஒன்றும் கொக்கிக் கம்பி ஒன்றும் கிடந்தன. எதை எடுக்கிறது என்று பார்ப்பதுதான் ஆய்வாளர்களின் நோக்கம். ஆனால் கூட இருந்த ஆண் காக்கை கொக்கியைக் கவ்விக்கொண்டு பறந்துவிட்டது. மிஞ்சிய நேர்க் கம்பியைப் பெட்டி தானாகவே அலகால் வளைத்துக் கொக்கியாக்கி வாளியைத் தூக்கிவிட்டது. 2002இல் 'சயின்ஸ்' இதழில் இது வெளிவந்தபோது உலகம் வியந்தது. அதே இனத்துக் காட்டுக் காக்கைகளும் குச்சிகளை வளைத்துக்கொள்கின்றன என்று 2016இல் பதிவானபின் பெட்டியின் பெருமை கொஞ்சம் இறங்கியது. இருந்தாலும் வாளியை எடுத்தது எடுத்ததுதான்.

பர்மிங்காம் பல்கலைக்கழகத்தார் இதே சோதனையைக் குழந்தைகளுக்கு வைத்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். குழாய், வாளி, வாளிக்குள் ஒரு ஸ்டிக்கர், கையில் எளிதில் வளையக்கூடிய மெல்லிய கம்பி. 3 முதல் 5 வயதுவரையுள்ள பிள்ளைகளில் மிகச் சிலரே கம்பியை வளைத்தார்கள். மற்றவர்கள் நேர்க் கம்பியாலேயே வாளியைக் குத்திக்கொண்டிருந்தார்கள். எட்டு வயதை ஒட்டித்தான் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது கைகூடியது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கொக்கியையும் நேர்க் கம்பியையும் சேர்த்துக் கொடுத்தால், அந்தச் சின்னப் பிள்ளைகளே சரியாகக் கொக்கியை எடுத்தார்கள். யாராவது ஒருமுறை வளைத்துக் காட்டினால் தாங்களும் வளைத்தார்கள். விடையைப் பார்த்தால் அடையாளம் தெரிகிறது, செய்துகாட்டினால் செய்ய வருகிறது, தானாக யோசித்து எடுக்கத்தான் வரவில்லை.

ஆசிரிய நண்பர்களே, நம் வகுப்பறைகள் எதற்குப் பயிற்சி தருகின்றன என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். நான்கு விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடு. கரும்பலகையில் உள்ளதைப் போலச் செய். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஏற்கெனவே வருகிற இரண்டு வித்தைகளையே பன்னிரண்டு ஆண்டுகள் மெருகேற்றி அனுப்புகிறோம்.

இப்போது எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2000ஆம் ஆண்டில் ஜெர்மன், டிஃபைட்டர் என்ற இருவர் இன்னொரு சோதனையை வெளியிட்டார்கள். எட்டாத உயரத்தில் இருப்பதை எடுக்க ஒரு பொம்மைக்கு உதவ வேண்டும். கட்டைகளை மட்டும் அடுக்கினால் எட்டாது. பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் கட்டைகளை வைத்தால் எட்டும். பெட்டி வெறுமையாகக் கிடந்தால் எல்லா வயதினரும் அதைப் பயன்படுத்தினார்கள். பெட்டிக்குள் சாமான்களைப் போட்டு வைத்தபோது ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் தடுமாறினார்கள். அவர்களுக்கு அது 'சாமான் வைக்கிற பெட்டி'யாகிவிட்டது. ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. எதையும் எதற்கும் பயன்படுத்தலாம் என்ற சுதந்திரம் அவர்களிடம் இருந்தது.

ஆக, சின்னக் குழந்தைக்குச் சுதந்திரம் இருக்கிறது, வழி தெரியவில்லை. வளர்ந்த பிள்ளைக்கு வழி தெரிகிற நேரத்தில் சுதந்திரம் போய்விடுகிறது. இரண்டும் சேர்ந்து இருக்கிற மாதிரி செய்ய முடியுமா? முடியும் என்று நம்பியதோடு, அதற்காகச் சிறைக்கும் போன ஒருவர் இருந்தார். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை.

கென்ரிக் ஆல்ட்ஷுல்லர். 1926 அக்டோபர் 15 அன்று தாஷ்கண்டில் பிறந்து பாகு நகரில் வளர்ந்தவர். நம் அப்துல் கலாமுக்கும் அக்டோபர் 15தான் பிறந்த நாள். ஆல்ட்ஷுல்லர் ஐந்து வயது மூத்தவர். சிறு வயதிலேயே நீரில் மூழ்குவோருக்கான கருவி ஒன்றை வடிவமைத்த பையன், பின்னர் சோவியத் கடற்படையின் காப்புரிமைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். மற்றவர்களின் கண்டுபிடிப்புகளைப் படித்துப் பார்ப்பது அங்கே அவருடைய வேலை. ஆயிரக்கணக்கில் படித்தவருக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. துறைகள் வேறு, காலங்கள் வேறு, ஆனால் தந்திரங்கள் திரும்பத் திரும்ப ஒன்றேதான். அப்படியானால் கண்டுபிடிப்பது தெய்வ அருள் இல்லை, சொல்லிக்கொடுக்கக்கூடிய வேலை.

இதையும், நாட்டில் கண்டுபிடிப்பாளர்கள் நடத்தப்படும் விதத்தைப் பற்றிய குறைகளையும் சேர்த்து, நண்பர் ரஃபாயில் ஷபீரோவோடு 1948இல் ஸ்டாலினுக்கே கடிதம் எழுதினார். அந்தக் காலத்தில் அந்த முகவரிக்குக் குறை எழுதுவது எப்படிப்பட்ட காரியம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. 1950இல் கைது, 25 ஆண்டு தண்டனை, ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய வொர்குட்டா முகாம். ஸ்டாலின் மறைவுக்குப் பிறகு 1954இல் விடுதலையானார். 1956இல் இருவரும் எழுதிய முதல் கட்டுரை ஓர் உளவியல் இதழில் வந்தது. பிற்காலத்தில் ட்ரிஸ் என்று உலகம் அறிந்த முறையின் தொடக்கம் அதுதான். பிரித்துப் பார், தலைகீழாக்கு, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகு, முன்கூட்டியே செய்துவை, கெடுதலையே உதவியாக்கு என்று 40 உத்திகளை அவர் தொகுத்தார். பெரிய தொழிற்சாலைகள் அதைப் பயன்படுத்திய கதையை மேலாண்மைக் கல்லூரிக்காரர்கள் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, 1974 முதல் 1986 வரை 'பியோனர்ஸ்கயா ப்ராவ்தா' என்ற சிறுவர் செய்தித்தாளில் அவர் நடத்திய பகுதி. கண்டுபிடிப்புக் கணக்குகளை அச்சில் போட்டு, பிள்ளைகளை விடை எழுதச் சொன்னார். கடிதங்கள் குவிந்தன. அந்த அனுபவத்தில் பிள்ளைகளுக்காகவே 1984இல் ஒரு புத்தகமும் எழுதினார்.

அவருடைய கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். பாட்டில் வடிவத்தில் சாக்லேட் செய்கிறார்கள், உள்ளே பழப்பாகு. பாகு கெட்டியாக இருப்பதால் ஊற்ற நேரம் பிடிக்கிறது. சூடாக்கினால் பாகு இளகிச் சீக்கிரம் இறங்கும், ஆனால் சாக்லேட் உருகிவிடும். என்ன செய்யலாம்?

எங்கள் திண்ணையில் இதைக் கேட்டேன். 'பம்ப் வெச்சு அடிக்கலாம்', 'வாயைப் பெருசாக்கலாம்', 'சாக்லேட்டைத் தடிமனாப் போடலாம்' என்று வழக்கமான விடைகள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஆல்ட்ஷுல்லர் சொல்லித்தந்தபடி ஒரே ஒரு கேள்வியைப் போட்டேன்: 'எதைச் சூடு பண்றோம், எதைக் குளிர வைக்கிறோம்? மாத்திப் பார்த்தா என்ன?' கொஞ்ச நேரம் சத்தமில்லை. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: 'சார், சுழியத்துக்கு அம்மா பூரணத்த உருட்டி மாவுல முக்குவாங்களே, அந்த மாதிரியா?'

அந்த மாதிரியேதான். பாகைப் பாட்டில் வடிவில் உறையவைத்து, உருகிய சாக்லேட்டில் முக்கி எடுக்க வேண்டும். சாக்லேட் இறுகும், உள்ளே பாகு பிறகு இளகும். சோவியத் சிறுவர் செய்தித்தாள் கேட்ட கேள்விக்குச் சுழியச் சட்டியிலிருந்து விடை வந்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அந்தப் பிள்ளைக்கு விடை முன்பே தெரியும். ஆனால் அது பலகாரப் பகுதியில் கிடந்தது. கேள்வியைச் சரியாகப் போட்டதும் அங்கிருந்து இங்கே எழுந்து வந்தது.

சரியாகப் போடுவது என்றால் என்ன என்பதில்தான் ஆல்ட்ஷுல்லரின் சரக்கே இருக்கிறது. 'பாகு மெதுவாக இறங்குகிறது' என்பது வெறும் முணுமுணுப்பு. 'பாகு சூடாகவும் இருக்க வேண்டும், சூடாக இருக்கவும் கூடாது' என்பது முரண். முணுமுணுப்பை முரணாகச் சொல்லத் தெரிந்த பிள்ளை பாதித் தூரம் வந்துவிட்டது. கலாம் மேடைகளில் அடிக்கடி சொன்ன ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. ஏவுகணைக்காக உருவாக்கிய எடை குறைந்த பொருளை ஹைதராபாத் மருத்துவர் ஒருவர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, கலாமைத் தம் மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். அங்கே சின்னச் சின்னப் பிள்ளைகள் ஒவ்வொன்றும் மூன்று கிலோவுக்கு மேல் இருந்த கலிப்பர்களைக் காலில் மாட்டி இழுத்து நடந்துகொண்டிருந்தார்கள். தாங்க வேண்டும், கனக்கக் கூடாது. அந்த முரண் ஏவுகணைக் கூடத்தில் முன்பே அவிழ்ந்திருந்தது. சில வாரங்களில் 300 கிராம் கலிப்பர் தயாரானது. தம் பணிகளிலேயே பெரிய மனநிறைவு தந்ததாக இதைத்தான் அவர் சொல்லிவந்தார்.

நம் வீடுகளில் குறை சொல்வது கெட்ட பழக்கம் என்று வளர்க்கிறோம். சாப்பாட்டில், ஆசிரியரிடத்தில், பெரியவர்களிடத்தில் குறை சொல்லாதே என்பதெல்லாம் இருக்கட்டும். பொருள்களைப் பற்றிக் குறை சொல்லப் பிள்ளைகளை அனுமதிக்க வேண்டும் என்பதுதான் நான் இங்கே சொல்ல வந்தது. எங்கள் நூலகத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்குகிறது. மேலே 'குறை' என்று மட்டும் எழுதியிருக்கும். வாரம் முழுக்க யார் வேண்டுமானாலும் எழுதலாம். 'பாட்டிக்கு மாத்திரை அட்டையைப் பிச்சு எடுக்க முடியல.' 'டிபன் பாக்ஸ்ல ரசம் ஒழுகிப் புத்தகம் எல்லாம் நாறுது.' 'சைக்கிள் ஸ்டாண்டு மணல்ல புதைஞ்சு சாயுது.' 'தம்பி அழறான்' என்றும் ஒன்று இருந்தது. அதற்கு இன்னும் வழி பிறக்கவில்லை.

அதில் ஒரு குறையோடு நாங்கள் நீண்ட நாள் மல்லுக்கட்டினோம். 'மழையில பஸ் ஏறும்போது குடைய மடக்குனா பக்கத்துல நிக்கிறவங்க எல்லாரும் நனையிறாங்க, திட்டுறாங்க.' சரி, மடக்காதே என்றேன். 'மடக்காம எப்படி சார் ஏறுறது?' மடக்கவும் வேண்டும், நனைந்த பக்கம் வெளியே இருக்கவும் கூடாது. இதை இப்படிச் சொல்லவைக்கவே ஒரு முழு ஞாயிறு ஆனது. பிறகு ஒரு பையன், நனைந்த பக்கம் உள்ளே போகிற மாதிரி குடை மேல்நோக்கி மடங்கினால் என்ன என்றான். பேசுவதை நிறுத்திவிட்டு, பழைய குடை ஒன்றைப் பிரித்தோம்.

அங்கேதான் என் படிப்பும் நின்றது. குடைக் கம்பிகள் உச்சியில் ஒரு வளையத்தில் மெல்லிய கம்பியால் கோக்கப்பட்டிருக்கும். அதை அறுத்துவிட்டால் திரும்பக் கோப்பது லேசான வேலை இல்லை. மழைக்காலத்தில் பேருந்து நிலையத்தில் குடை ரிப்பேர் செய்கிற பெரியவரை அழைத்துவந்தோம். குறடும் ஊசியும் நூலும் சுருட்டி வைத்த ஒரு துணிப்பையோடு வந்தார். எந்தக் கம்பி எங்கே வளையும், எங்கே ஒடியும், துணியை எந்த முனையில் தைத்தால் இழுவை சமமாக வரும் என்று பிள்ளைகளுக்குக் காட்டினார். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத பாடம் அது. பிள்ளைகள் செய்த குடை கோணல்மாணலாக, பாதிதான் விரிந்தது. ஆனால் மேல்நோக்கி மடங்கியது.

அடுத்த வாரம் ஒரு தகப்பனார் கைப்பேசியைக் காட்டினார். தலைகீழாக மடங்கும் குடை ஏற்கெனவே ஆன்லைனில் விற்பனைக்கு இருக்கிறது. பிள்ளைகளின் முகம் விழுந்துவிட்டது. இப்படி ஒரு கட்டம் ஒவ்வொரு ஆசிரியருக்கும் வரும். காப்புரிமைச் சட்டத்துக்கு உலகத்தில் முதலாவது என்பது முக்கியம், பன்னிரண்டு வயதுக்கு அது முக்கியமே இல்லை. யாரோ ஒரு பொறியாளர் நடந்த பாதையில், அவரைப் பார்க்காமலே, சொந்தக் காலில் நடந்து அதே இடத்துக்கு வந்திருக்கிறார்கள் என்று சொன்னேன். விற்பனைக் குடையின் படத்தைப் பெரிதாக்கி, 'நம்ம கம்பி எங்க மாட்டிக்கிச்சு, அவங்க எப்படி விலக்கியிருக்காங்க?' என்று தேட ஆரம்பித்தார்கள். முதலிலேயே அந்தப் படத்தைக் காட்டியிருந்தால் இந்தத் தேடல் நடந்திருக்காது.

மாதிரி காட்டுவதன் கேட்டைப் பற்றி நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. 1991இல் ஜான்சன், ஸ்மித் என்ற இருவர் வெளியிட்டது. வடிவமைப்புக் கணக்குகளைப் பொறியியல் மாணவர்களிடம் கொடுத்து, சிலருக்கு மட்டும் ஒரு மாதிரிப் படத்தையும் காட்டினார்கள். படத்தைப் பார்த்தவர்களின் வரைபடங்களில் அந்த மாதிரியின் குறைகளும் சேர்ந்தே வந்தன. சிந்தாத காபிக் கோப்பை ஒன்றை வடிவமைக்கும் கணக்கில், உறிஞ்சுகுழல் கூடாது என்று சொல்லியிருந்தும், படத்தில் இருந்ததால் பலர் அதை வரைந்து வைத்தார்கள். வளர்ந்த பொறியியல் மாணவர்களே இப்படி என்றால், ஆசிரியர் கரும்பலகையில் 'ஒரு உதாரணம்' வரைந்து காட்டிய வகுப்பில் என்ன மிஞ்சும்?

நம் அறிவியல் கண்காட்சிகள் முழுக்கவே மாதிரிகளின் திருவிழா. வினிகரும் சோடா உப்பும் கலந்து பொங்குகிற எரிமலை, தெர்மாகோலில் மழைநீர் சேகரிப்பு, ஊசி போடும் சிரிஞ்சில் இயங்குகிற ஜேசிபி. ஆண்டுதோறும் அதேதான். கண்காட்சிக்கு முந்தின வாரம் சில ஸ்டேஷனரி கடைகளில் இவை ஆயத்தமாகவே கிடைக்கும். தகப்பனார் வாங்கி வருகிறார், தாயார் பெயிண்ட் அடிக்கிறார், பிள்ளை மனப்பாடமாக ஒப்பிக்கிறது, நடுவர் பரிசு தருகிறார். யாரும் கெட்டவர்கள் இல்லை. அந்தப் பிள்ளைக்கு அந்தப் பொருளின் மேல் எந்தக் குறையும் இல்லை, அதனால் எந்தத் தேவையும் இல்லை.

தேவை உள்ள பிள்ளை என்ன செய்யும் என்பதற்கு லூயி பிரெயிலை விடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை. 1809இல் பாரிஸ் அருகே கூப்வ்ரே என்ற சிற்றூரில் பிறந்தவர். குதிரைச் சேணம் தைக்கும் தந்தையின் பட்டறையில் மூன்று வயதில் ஊசியோடு விளையாடி ஒரு கண்ணைக் குத்திக்கொண்டார். நோய் மறு கண்ணுக்கும் பரவியது. பத்து வயதில் பாரிஸில் பார்வையற்ற சிறுவர் பள்ளியில் சேர்ந்தார். அங்கே புத்தகங்கள் இருந்தன. சாதாரண எழுத்துகளையே பெரிதாகப் புடைத்து அச்சிட்டவை. பார்வையுள்ள பெரியவர்கள் பார்வையற்ற பிள்ளைகளுக்காக யோசித்தது அது. கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தடவி வாக்கியத்தின் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கம் மறந்துபோகும்.

1821இல் சார்ல் பார்பியே என்பவர் புள்ளிகளால் ஆன தம் எழுத்துமுறையை அந்தப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். கோடுகளைவிடப் புள்ளிகள் விரலுக்கு எளிதாகப் புரிந்தன. ஆனால் ஒரு குறிக்கு 12 புள்ளிகள் வரை இருந்தன, விரல் நுனிக்குள் அடங்கவில்லை. எழுத்துக்கூட்டலும் கிடையாது, நிறுத்தக்குறிகளும் கிடையாது, ஒலிகளுக்கு மட்டுமே குறிகள். 12 வயதுப் பையன் அந்தக் குறைகளைப் பிடித்துக்கொண்டான். தன் கண்ணைக் குத்திய ஊசிக்கு உறவான ஓர் எழுத்தூசியால் இரவுகளில் காகிதத்தில் குத்திக் குத்திப் பார்த்தான். பன்னிரண்டை ஆறாக்கினான். ஒரு விரல் நுனி அசையாமலே ஒரு முழு எழுத்தையும் உணரும். 1824இல், பதினைந்து வயதில், முறை ஏறக்குறைய முழு வடிவம் பெற்றுவிட்டது. 1829இல் நூலாக வெளிவந்தது. அவர் படித்து, பின்னர் ஆசிரியராகவும் இருந்த அதே பள்ளி அதை அதிகாரபூர்வமாக ஏற்றது 1854இல். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பிரெயில் காலமாகிவிட்டார்.

அந்தப் பெரியவர்களைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. பார்பியேயின் முறை பள்ளிக்குள் வந்திருக்காவிட்டால் பிரெயிலின் முறையும் வந்திருக்காது. ஒரு பிள்ளைக்குப் பாதி வெந்த பொருள் ஒன்று கையில் கிடைக்க வேண்டும், அதைத் திருத்த உரிமையும் வேண்டும். அந்த உரிமையைத்தான் நாம் தருவதில்லை.

நம் பக்கத்து உதாரணம் திருவண்ணாமலை வினிஷா உமாசங்கர். தெருவில் இஸ்திரி வண்டிக்காரர் எரிந்து முடிந்த கரியைக் கொட்டுவதைப் பார்த்ததில் தொடங்கி, ஒரு நாளைக்கு எவ்வளவு கரி, ஊரில் எத்தனை வண்டி, நாட்டில் எத்தனை என்று அந்தப் பள்ளி மாணவியின் யோசனை விரிந்தது. சூரிய மின்சாரத்தில் இயங்கும் இஸ்திரி வண்டி அதன் விளைவு. 2021இல் எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றுவரை வந்து, அதே ஆண்டு கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டிலும் பேசினார். பேச்சைப் பலரும் பாராட்டினார்கள். எனக்குப் பிடித்தது, தினமும் எல்லாரும் கடந்து போகிற கரிக் குவியலைப் பார்த்து நின்றது.

கருவிகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோவை ஜி.டி. நாயுடுவுக்குப் பள்ளிப் படிப்பு ஒத்துவரவில்லை. ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதும் ஓட்டினாரோ இல்லையோ, அக்கக்காகப் பிரித்துப் போட்டுத் திரும்ப மாட்டினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஓடிய ஒற்றைப் பேருந்து, 1937இல் வந்த மின் மோட்டார் எல்லாவற்றுக்கும் வேர் அந்தப் பிரித்துப்போட்ட வண்டியில் இருக்கிறது. பிற்பாடு தொழிற்கல்வி நிலையத்துக்கே முதல்வராக இருந்தபோது, படிப்புக்கு இத்தனை ஆண்டுகள் தேவையில்லை என்று அரசோடு வாதாடினார். அதில் எனக்கு உடன்பாடில்லை. பிரிக்கவிடு என்பதில் முழு உடன்பாடு.

பிரிக்க மோட்டார் சைக்கிள் வேண்டும் என்பதில்லை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் குப்தா 1978இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்துக்குப் போனவர், வாரச் சந்தையில் கிடைத்த சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சியையும் எடுத்துக்கொண்டார். குச்சியின் மருந்தைச் சுரண்டிவிட்டு, டியூபைச் சிறு துண்டுகளாக வெட்டி, இரு பக்கமும் குச்சியைச் செருகினால் ஒரு மூட்டு. மூன்று குச்சியால் முக்கோணம், நான்கால் சதுரம். சதுரத்தை விரலால் தள்ளினால் சரியும், முக்கோணத்தைத் தள்ளினால் அசையாது. ஓட்டு வீட்டுக் கூரைக்கும் இரும்புப் பாலத்துக்கும் ஏன் முக்கோணச் சட்டம் என்பதை ஒரு பிள்ளை தன் விரலில் அறிந்துகொள்கிறது. செலவு சில ரூபாய்.

அரசுகள் சும்மா இருக்கவில்லை. 2016இல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் தருகிறார்கள். இப்போது 10,000 பள்ளிகளைத் தாண்டிவிட்டது. இன்ஸ்பயர் மானக் திட்டத்தில் பிள்ளையின் யோசனைக்கு 10,000 ரூபாய் கிடைக்கும். குஜராத்தில் உள்ள தேசியப் புத்தாக்க நிறுவனம் கலாம் பெயரில் பிள்ளைகளின் யோசனைகளுக்கு விருது தந்து, தகுதியானவற்றுக்குக் காப்புரிமை பெறவும் உதவுகிறது. எல்லாம் நல்ல ஏற்பாடுகள். ஜப்பானில் 1974 முதலே பல ஊர்களில் சிறுவர் கண்டுபிடிப்பு மன்றங்கள் நடக்கின்றன. ஓய்வுபெற்ற தொழிலாளர்களும் பொறியாளர்களும் விடுமுறை நாள்களில் வந்து கற்றுத்தருகிறார்கள். நம்மிடம் பணம் வந்துவிட்டது, அந்த ஓய்வுபெற்ற கைகள்தான் இன்னும் உள்ளே வரவில்லை. நான் போய்ப் பார்த்த ஒரு பள்ளியில் முப்பரிமாண அச்சு இயந்திரம் பிளாஸ்டிக் உறை கழற்றப்படாமல் இருந்தது. 'ஆய்வு அதிகாரி வரும்போது திறப்போம் சார்' என்றார்கள். அலமாரிச் சாவி தலைமையாசிரியர் அறையில். உள்ளே இருந்த திருப்புளிகளில் ஒன்றுகூட முனை மழுங்கவில்லை. ஒரு பணிமனைக்காரனுக்கு அதைவிட வருத்தமான காட்சி கிடையாது.

'கையை வெட்டிக்கொண்டால் யார் பதில் சொல்வது?' என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமான கேள்வி. ரம்பத்தை எப்படிப் பிடிப்பது, பொருளை வைஸில் இறுக்கிய பிறகே வெட்டுவது, கண்ணாடி அணிவது ஆகியவற்றை முதல் இரண்டு வாரம் சொல்லிக்கொடுத்தால் போதும். பிளாஸ்டர் ஒட்டுகிற அளவுக்குக் காயம் வரத்தான் செய்யும். சமையலறையில் அரிவாள்மணையில் காய் நறுக்கும் பத்து வயதுப் பெண்ணைப் பற்றி யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அதே பெண்ணின் கையில் ஹாக்சா பிளேடைக் கொடுத்தால் மட்டும் ஊரே பதறுகிறது.

நேரமாகிவிட்டது. தம் தந்தையார் நினைவாக இந்த அறக்கட்டளையை நிறுவியிருக்கும் குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் என்னைப் போன்ற ஒருவரைப் பேசவைக்கச் செலவாகிற தொகையில், அடுத்த ஆண்டு இந்த ஊர் அரசுப் பள்ளி ஒன்றுக்கு ஒரு மரப் பெஞ்சும், அதில் பொருத்திய வைஸும், குறடு, அரம், ரம்பம், சுத்தியல், திருப்புளிகள் கொண்ட ஒரு பெட்டியும் வாங்கிக்கொடுங்கள். பெட்டிக்குப் பூட்டு வேண்டாம். குடை ரிப்பேர்காரர், சைக்கிள் கடைக்காரர், ஓய்வுபெற்ற ஃபிட்டர் என ஊரில் கைவேலை தெரிந்த ஒருவருக்கு மாதம் இரண்டு ஞாயிறு வந்து உட்காரச் சிறு மதிப்பூதியம் கொடுங்கள். ஆசிரிய நண்பர்கள் நாளைக் காலையே ஒரு நாற்பது பக்க நோட்டை வகுப்பில் தொங்கவிடலாம். அதற்கு யாருடைய ஆணையும் தேவையில்லை. பின்வரிசையில் உட்காரவைக்கப்பட்டிருக்கும் மாணவச் செல்வங்கள் இந்த அரங்கத்தின் நாற்காலிகளைப் பற்றிய குறையிலிருந்தே தொடங்கலாம், இவ்வளவு நேரம் நெளிந்துகொண்டிருந்ததைக் கவனித்தேன்.